வண்டி போன பிறகு பிள்ளையோடு இருப்பவர்களுக்கு

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல், ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து அம்மாச்சிகளுக்கும் அப்பத்தாக்களுக்கும், ஆச்சி என்றும் அவ்வா என்றும் பேரப்பிள்ளைகள் கூப்பிடும், கூப்பிடப்போகும் எல்லாருக்கும் இந்தக் கடிதம்.

காலை ஆறரைக்கு ஆபீஸ் வண்டி ஊர் முக்கில் நின்று ஹாரன் அடிக்கிறது. (பட்டாசு ஆலையை நாம் ஆபீஸ் என்று சொல்வதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.) உங்கள் மகளோ மருமகளோ தூக்குவாளியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இடுப்பில் இருக்கும் பிள்ளையை உங்கள் இடுப்புக்கு மாற்றிவிட்டு ஓடுகிறாள். திரும்பி வரும்போது விளக்கு வைத்திருக்கும். கை கால் கழுவி, உலை வைத்து, அவள் நிமிர்வதற்குள் பிள்ளை தூங்கிப்போகும். நடுவில் உள்ள பன்னிரண்டு மணி நேரமும் அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

அதனால்தான் இதை டாக்டர்களுக்கோ கலெக்டருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்பதை முதலில் பார்க்கக்கூடிய ஆள் இந்தச் சீமையில் நீங்கள்தான். டாக்டர் பத்து நிமிஷம் பார்க்கிறார், அந்தப் பத்து நிமிஷமும் பிள்ளை ஊசிக்குப் பயந்து அழுகிறது. பெற்றவள் அதைத் தூங்கும்போதுதான் பார்க்கிறாள். கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரியவில்லை என்றால் பள்ளிக்கூடம் போகும் பேத்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நானும் ஆபீஸ் வண்டியில் போகிறவள்தான். சரம் பின்னுகிறேன். என் மகனை வளர்த்தது என் அம்மா.

அவனுக்கு ஒன்றரை வயது ஆகியிருந்தபோது வந்த தீபாவளி. எதிர்வீட்டுக்காரர் தெரு நீளத்துக்குப் பத்தாயிரம் வாலாவை விரித்துப் பற்றவைத்தார். தெருவில் இருந்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் அலறிக்கொண்டு முந்தானைக்குள் புகுந்தன. இவன் மட்டும் என் அம்மா இடுப்பில் இருந்தபடியே, பறந்து வந்த சிவப்புத் தாளைக் கையால் பிடிக்கப் பார்த்தான். சிரித்தான். “பட்டாசுக்காரி பெத்த பிள்ளைல்ல, பயம் எப்படி இருக்கும்” என்று தெருவே சொன்னது. நானும் பூரித்துப்போனேன். அந்தப் பூரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அவனுக்குக் காது கேட்கவில்லை. அதைத் தெருவில் எல்லாரும் பார்க்கப் பார்க்கவே அவன் காட்டிவிட்டான், எங்களுக்குத்தான் புரியவில்லை. வீட்டிலும் அப்படித்தான். எவர்சில்வர் தட்டு கைதவறி விழுந்தாலும் தூக்கம் கலையாத பிள்ளை, அடம் பண்ணாத பிள்ளை, வளர்க்கச் சுகமான பிள்ளை என்று என் அம்மா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். இரண்டு வயது முடிந்தபோது அவனிடம் இருந்தது “ஆ” என்று ஒரு சத்தம் மட்டும். தண்ணீர் வேண்டுமென்றாலும் “ஆ”, பசித்தாலும் “ஆ”. என் அம்மாவுக்கு எந்த “ஆ” எதற்கு என்று தெரியும், கேட்பதற்கு முன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவாள். அவ்வளவு பாசமாகப் பார்த்துக்கொண்டதனாலேயே குறை வெளியே தெரியாமல் போயிற்று.

அப்புறம் தொடங்கியது நம் ஊருக்கே உரிய ஒரு பேச்சு: “தீபாவளி கழியட்டும்.” பல் பிடுங்குவதானாலும், ஓடு மாற்றுவதானாலும், பெண் பார்ப்பதானாலும் இங்கே எல்லாம் தீபாவளி கழிந்துதான். குறை சொல்ல மாட்டேன். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவளுக்கு ஒரு நாள் நின்றால் ஒரு நாள் சோறு போச்சு. ஆனால் தீபாவளி கழிந்ததும் ஆபீஸை மூடிவிடுவார்கள், கையில் காசு இருக்காது. ஆபீஸ் திறக்கட்டும் என்போம். திறந்ததும் பொங்கல் வரும். அது முடிந்தால் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல். நடுவில் ஒரு டாக்டரிடம் காட்டினோம், மூன்று வயது வரை பொறுத்துப் பாருங்கள் என்று அவரும் சொல்லிவிட்டார். எங்களுக்கு அது வசதியாக இருந்தது. பதினான்கு மாதம் இப்படியே போயிற்று.

நீங்கள் கரிசலில் பாடுபட்டவர்கள். ஐப்பசி ஈரத்தை விட்டுவிட்டு மாசி வெயிலில் விதைத்தவர் யாராவது உண்டா? பிள்ளையின் மூளைக்கும் அப்படி ஒரு ஈரம் இருக்கிறது. முதல் மூன்று வயதில்தான் அது பேச்சை அள்ளி அள்ளிக் குடிக்கிறது. ஒரு வருஷம் முழுக்கக் கேட்டுக் கேட்டுச் சேர்த்துவைத்த பிறகுதான் முதல் சொல் வாயில் வருகிறது. காது கேளாத பிள்ளைக்கு அந்த ஒரு வருஷம் பிறந்த அன்றே தொடங்குவதில்லை, காதில் கருவி ஏறுகிற அன்றைக்குத்தான் தொடங்குகிறது. நாம் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு பண்டிகையும் அந்த ஈரத்திலிருந்துதான் கழிகிறது.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், என் அம்மாவே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். “ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்.” கொஞ்சம் மெதுவாகப் பேசும், சரி. இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்காமல் இருப்பதற்கு அது காரணமாகாது. “அவங்கப்பனே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்.” அவங்கப்பனை அன்றைக்கு யாராவது கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினீர்களா? “நாக்குக்கு அடியில தோலு ஒட்டியிருக்கு.” அப்படி ஒட்டியிருக்கும் பிள்ளைகளுக்குச் சில எழுத்து சுத்தமாக வராமல் போகலாம், பேச்சே வராமல் போகாது. வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவினோம். பேர் சொல்லா மருந்து என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம், என் மகனுக்கு அது எந்தப் பேரையும் சொல்ல வைக்கவில்லை.

இன்னொன்று குமரகுருபரர் கதை. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிற நம் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் சொல்வது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த பிள்ளை, ஐந்து வயது வரை ஊமை, முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியது என்று. நானும் நம்பித்தான் நடந்தேன். ஆனால் அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கள். குமரகுருபரரின் அப்பாவும் அம்மாவும் “தானா பேசும்” என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள், சந்நிதியில் ஒரு மண்டலம் கிடந்தார்கள். அவர்கள் காலத்தில் எங்கே போக வேண்டுமோ அங்கே போனார்கள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எனக்கும் அவள்தான் தாய். நேர்ந்துகொண்டு, அதே வாரத்தில் காதையும் சோதித்துவிடுங்கள்.

மூன்று வயது தாண்டிய பிறகுதான் சோதித்தார்கள். காதுக்குள் சின்னக் குமிழ் மாதிரி ஒன்றை வைத்து ஒரு சோதனை, அது சில நிமிஷத்தில் முடிந்தது. பிறகு தூங்கவைத்துத் தலையில் ஒயர் ஒட்டி ஒரு சோதனை. அதற்குப் பெயர் பேரா. முடிவைச் சொல்வதற்கு முன்னால் சோதித்த அம்மா கேட்ட கேள்வி, “சொந்தத்தில கட்டுனீங்களா?” நான் என் தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறேன். என் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், அவள்தானே தன் தம்பிக்கு என்னைக் கொடுத்தாள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணத்துக்கு மேல் சொந்தத்துக்குள் நடந்ததுதான். அக்காள் மகள், மாமன் மகள் என்று கட்டிய வீடுகளில் பிறவியிலேயே காது கேளாமை வருகிற வாய்ப்பு கூடுதல். கட்டிய கல்யாணத்தை அழித்து எழுத முடியாது. ஆனால் உங்கள் வீடு அப்படிப்பட்ட வீடு என்றால், பேச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், பிறந்த மாதத்திலேயே காதைச் சோதியுங்கள். பிறந்ததும் மஞ்சள்காமாலை முற்றி விளக்கடியில் கிடந்த பிள்ளைக்கும், எடை குறைந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்த பிள்ளைக்கும், மூளைக்காய்ச்சல் கண்ட பிள்ளைக்கும் இதே பேச்சுத்தான்.

“மருந்து வாடைதான் பிள்ளையை அடிச்சிருச்சு” என்று என் மாமியார் அழுதாள். எங்கள் டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனாலும் சாயங்காலம் கையெல்லாம் வெள்ளி மின்ன வருகிறவளிடம் ஓடிப்போய்ப் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். குளித்து, சேலை மாற்றிவிட்டு வாங்கட்டும். பட்டாசில் ஈயமும் பாதரசமும் ஆர்சனிக்கும் சேர்க்கக் கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது காரணமில்லாமல் இல்லை.

முடிவு சொன்ன அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் அம்மாவை நான் பேசிய பேச்சை எழுத எனக்குக் கை வரவில்லை. பகல் பூராவும் கூட இருந்தவள் உனக்குத் தெரியவில்லையா என்று கேட்டேன். அவள் திருப்பி, “நீ வேலைக்குப் போகாம இருந்திருக்கலாம்ல” என்றாள். இரண்டுமே அநியாயம். பிள்ளைக்கு ஒரு குறை என்றால் வீட்டில் உள்ள பொம்பளைகள் ஒருத்தி மேல் ஒருத்தி போட்டுக்கொள்வது நம் வழக்கம், ஆண்கள் அப்போது டீக்கடைக்குப் போய்விடுவார்கள். வேலைக்குப் போனதால் யார் பிள்ளைக்கும் காது கெடவில்லை. உங்கள் மகளை அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் என் மகனுக்கு வந்ததுதான் வரும் என்று நினைக்க வேண்டாம். சோதனைக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன். ஒரு பிள்ளைக்குச் சளி கட்டிக் காதுக்குள் நீர் கோத்திருந்தது, வைத்தியம் பார்த்தால் சரியாகிவிடும் என்றார்கள். ஒரு பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறது, ஆனால் பெயரைச் சொன்னால் திரும்பாது, முகத்தைப் பார்க்காது, விரலால் எதையும் சுட்டிக் காட்டாது, ஏதாவது வேண்டுமென்றால் அப்பத்தா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அந்தப் பொருள் மேல் வைக்கும். அது ஆட்டிசம், அதற்குப் பயிற்சி வேறு. இன்னொன்று உண்மையிலேயே கொஞ்சம் மெதுவாகப் பேசப்போகிற பிள்ளை, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். எது எது என்று நீங்களும் நானும் வீட்டில் உட்கார்ந்து பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் கவனிக்க முடியும். ஏழெட்டு மாதத்தில் “பபபா, மமமா” என்று வாய் அடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் பிறந்த நாளுக்குள் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், டாட்டா காட்ட வேண்டும், நிலாவை விரலால் காட்ட வேண்டும். ஒன்றேகால் வயது தாண்டியும் ஒரு சொல்கூட இல்லையென்றால் போய்க் காட்டுங்கள். இரண்டு வயதில் “அம்மா வா”, “பால் தா” என்று இரண்டு சொல்லாவது சேர வேண்டும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேசிய சொற்களை விட்டுவிட்டால், எந்த வயதானாலும், அன்றைக்கே கிளம்புங்கள்.

போனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, கோபப்படாதீர்கள். ஒரு காலத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகள் ஆபீஸுக்குப் போய்க் கட்டை அடுக்கின. உங்களில் பலபேர் அப்படி அடுக்கியவர்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தீர்ப்புச் சொன்னது. இன்று ஆபீஸ் வாசலுக்குள் பிள்ளையை விட மாட்டார்கள், விடவும் கூடாது. அதனால் பிள்ளை வீட்டில் இருக்கிறது, முழங்கால் வலிக்கிற உங்களுக்குத் துணையாகப் போனும் இருக்கிறது. அதைக் கொடுத்தால் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிடுகிறான் என்பது உண்மைதான். ஆனால் போன் அவன் பதிலுக்குக் காத்திருக்காது. அவன் “ங்ஆ” என்று கேட்டால் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டே போகும், நீங்களானால் “என்னடா என் ராசா” என்பீர்கள். இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம் என்கிறார்கள் நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் ஏறக்குறைய இதையேதான் சொன்னது. குழாய் சுருட்டும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும் வாய் சும்மாதானே இருக்கிறது? கோழி, குருவி, பக்கத்து வீட்டுச் சண்டை, எதையாவது அவனிடம் சொல்லிக்கொண்டிருங்கள்.

இனி உங்களுக்கு நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. மகனுக்குக் காதில் கருவி பதித்த பிறகு பேச்சுப் பயிற்சிக்குப் போனோம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில்தான் பதித்தார்கள். ஆறு வயதுக்குள் இருந்தால்தான் அதில் செய்வார்கள், இன்னும் சில தீபாவளி தள்ளியிருந்தால் அந்தக் கதவும் சாத்தியிருக்கும். பயிற்சி கொடுக்கும் பெண் முதல் நாளே கேட்டாள், “பகல்ல பிள்ளை யார்கிட்ட இருக்கான்?” நான் அம்மாவைக் காட்டினேன். உடனே என்னை நகரச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் என் அம்மாவை உட்கார வைத்தாள்.

பாடம் இதுதான். பிள்ளை கையில் ஒரு பாசிமணியைக் கொடுத்துக் காதுப் பக்கம் வைத்திருக்கச் செய்ய வேண்டும். சத்தம் கேட்கும்வரை பொறுத்திருந்து, கேட்டதும் அதைக் கிண்ணத்தில் போட வேண்டும். என் அம்மா வீட்டில் மணிக்குப் பதில் புளியங்கொட்டையும் கிண்ணத்துக்குப் பதில் பழைய பவுடர் டப்பாவும் எடுத்துக்கொண்டாள். முகத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு “ம்ம்” என்பாள், “போடு” என்பாள். அவன் போடுவான். டப்பா நிறைந்ததும் கொட்டிவிட்டு மறுபடியும். எழுதப் படிக்கத் தெரியாதவள், பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள், நான் ஆபீஸில் இருந்த நேரமெல்லாம் அவனுக்கு வாத்தியார் ஆனாள். ஐந்தாவது மாதம் ஒரு மத்தியானம், அவள் டப்பாவை நீட்டிவிட்டுச் சொல்ல மறந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பி, “போது” என்றானாம். அதுதான் அவனுடைய முதல் சொல். நான் அப்போது சரம் பின்னிக்கொண்டிருந்தேன்.

சென்னை அடையாற்றில் பால வித்யாலயா என்று ஒரு பள்ளி 1969இல் இருந்து காது கேளாத சின்னஞ்சிறுசுகளைப் பேசவைக்கிறது. அங்கே பிள்ளையோடு அம்மாவும் பாடத்தில் உட்கார வேண்டும். பேச்சு வராவிட்டாலும் வாழ்க்கை நிற்பதில்லை. நமக்குப் பக்கத்தில் பாளையங்கோட்டையில் ஃபுளாரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி நூறு வருஷம் தாண்டி நடக்கிறது, அங்கே கையால் பேசுகிற பிள்ளைகள் வாயால் பேசுகிற நம்மைவிட வேகம். ஆனால் இந்த ஊர் அம்மாக்கள் பிள்ளையோடு பாடத்தில் உட்கார முடியாது, அவர்களுக்கு வண்டி வந்துவிடும். உட்காரக்கூடியவர்கள் நீங்கள்தான்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். முதலில் பால்வாடி டீச்சரிடம் சொல்லுங்கள். 2013இல் இருந்து ஒரு திட்டம் நடக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க டாக்டர் வண்டி வருஷத்துக்கு இரண்டு தடவை பால்வாடிக்கு வர வேண்டும், பேச்சும் காதும் அவர்கள் பார்க்க வேண்டியவற்றில் உண்டு. வண்டி வருகிற அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் தூங்கவைக்காதீர்கள். ஊருக்கு வரும் நர்ஸம்மா கையில் கொடுத்திருக்கும் தாய்சேய் அட்டையில் எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று படம் போட்டிருக்கிறது, தடுப்பூசிப் பக்கத்தோடு மூடிவைத்துவிடாமல் அந்தப் பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மேல் என்றால் விருதுநகர். 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேட்டுப் போங்கள். வாயில் நுழையாவிட்டால் “பேசாத பிள்ளைக்குக் காது பார்க்கணும்” என்று சொல்லுங்கள், போதும். காசு கேட்க மாட்டார்கள். டவுன் பஸ்ஸில் 2021இல் இருந்து நமக்கு டிக்கெட்டும் இல்லை.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆபீஸ் வெடித்த சத்தம் உங்களுக்கு மறந்திருக்காது. அன்றைக்கு யாரும் தீபாவளி கழியட்டும் என்று சொல்லவில்லை. சத்தம் வந்த திசைக்கு ஓடினோம், ஓடியவர்களில் பலபேர் திரும்பி வரவே இல்லை. அப்படி ஓடத் தெரிந்த ஊரில், சத்தமே வராத ஒரு பிள்ளைக்காக விருதுநகர் வரை பஸ் ஏற நாம் பதினான்கு மாதம் யோசித்தோம்.

மகள் லீவு போடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மருமகன் சம்மதிக்கட்டும் என்றும் வேண்டாம். நாளைக் காலை ஆறரைக்கு வண்டி கிளம்பியதும், பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் நில்லுங்கள். கை தட்டாதீர்கள், தரையை மிதிக்காதீர்கள். அவன் பெயரைச் சாதாரணமாக ஒரு தடவை கூப்பிடுங்கள். கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. திரும்பினால் நல்லது, அவனோடு பேசிக்கொண்டிருங்கள். ஆனால் வயதுக்குத் தக்க பேச்சு இல்லையென்றால் திரும்பியவனையும் ஒரு தடவை கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். திரும்பவில்லை என்றால் தாய்சேய் அட்டையையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் பையில் போட்டுக்கொண்டு எட்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்புங்கள். மகளுக்குச் சாயங்காலம் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.